எட்டு மணித் தண்ணீர்

1

இந்தக் கதை எனக்கு எப்படிக் கிடைத்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசிவரை ஒளித்து வைத்திருக்கும் சாமர்த்தியம் எனக்குக் கிடையாது.

ஒரு கோட்டின் கை நீளத்தைக் குறைக்கக் கொடுத்திருந்தேன். வாங்கப் போனபோது தையல் இயந்திரத்துக்கு முன்னால் ஆள் இல்லை. "பின்னால இருக்கேன், வாங்க" என்று குரல் வந்தது. சமையலறையைக் கடந்து பின்பக்கம் போனேன். சுவருக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் நடுவே ஒரு கட்டில் அகலத்துக்கு மண். அதில் ஆறு தக்காளிச் செடிகள். அவற்றின் முன்னால் ரப்பர் கையுறையும் முகமூடியுமாகத் தையல்காரர் குந்தியிருந்தார். கையில் சின்னக் கத்தரிக்கோல்.

"என்னங்க, செடிக்கு ஆபரேஷனா?" என்றேன்.

"ஆபரேஷன் எனக்கு. செடி சும்மா துணைக்கு இருக்கு."

நான் வேடிக்கையாகக் கேட்டேன். அவர் வேடிக்கையாகச் சொல்லவில்லை என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. அன்று கோட்டை வாங்கிக்கொண்டு கிளம்ப இரண்டு மணி நேரம் ஆயிற்று. வாசலில் நின்று, "இதை நான் எழுதலாமா?" என்று கேட்டேன்.

"எழுதுங்க. ஆனா இல்லாததை எழுதாதீங்க."

என் பிழைப்பே இல்லாததை எழுதுவதுதான். அதை அவரிடம் சொல்லவில்லை.

2

முதல் தொடக்கம்:

"தக்காளி இலையைக் கசக்கினால் வருமே ஒரு பச்சை வாசனை, அந்த வாசனையில் அவளுக்குத் தன் —"

[விட்டுவிட்டேன். தன் என்ன? தன் சின்ன வயதா? எல்லா வாசனையும் சின்ன வயதுக்கே போய்ச் சேர வேண்டும் என்று சட்டமா?]

இரண்டாம் தொடக்கம்:

"தக்காளி என்றால் அவளுக்கு உயிர். பழுத்தது ஒன்று கையில் கிடைத்தால் உலகத்தையே மறந்துவிடுவாள்."

இதைப் படித்துக் காட்டியபோது தையல்காரர் பல்லில் கடித்திருந்த நூலை எடுத்துவிட்டுச் சொன்னார்: "அப்படியெல்லாம் இல்லீங்க. சாப்பிடக் கூடாதுன்னு சொல்றவரைக்கும் நான் தக்காளியைப் பத்தி யோசிச்சதே இல்ல."

மூன்றாவது நிற்கிறது. ஏனென்றால் அது நடந்தது.

அவளுக்கு முப்பத்தெட்டு வயதில் இரண்டு சிறுநீரகங்களும் ஓய்ந்துபோயின. [கதைக்குள் நுழைந்ததும் தையல்காரர் 'அவள்' ஆகிவிடுகிறார். நேரில் எனக்கு அந்தத் துணிச்சல் கிடையாது.] வாரத்துக்கு மூன்று நாள், நாள் ஒன்றுக்கு நான்கு மணி நேரம், டயாலிசிஸ் இயந்திரத்தோடு கட்டிப்போட்டதுபோல் கிடந்தாள். உணவு ஆலோசகர் ஒரு தாளை நீட்டினார். சாப்பிடக் கூடாதவற்றின் பட்டியல். முதல் வரியிலேயே தக்காளி. அதில் பொட்டாசியம் அதிகம். நல்ல சிறுநீரகம் மிச்சத்தை வெளியே தள்ளிவிடும். கெட்டுப்போன சிறுநீரகத்தால் முடியாது. ரத்தத்தில் தேங்கினால் இதயம் தடுமாறும்.

"ஒண்ணே ஒண்ணு சாப்பிட்டா?" என்று கேட்டாள்.

"ஒண்ணுல ஆரம்பிச்சுதான் நிறைய பேரை ராத்திரியில இங்க தூக்கிட்டு வந்து சேத்திருக்காங்க" என்றார் ஆலோசகர்.

அன்று முதல் மூன்று வருடம். காய்களை வேகவைத்து, தண்ணீரை வடித்து, மறுபடி வேகவைத்து, மறுபடி வடித்து, நார்போல ஆனதைச் சாப்பிட்டாள். காய்கறிக் கடையில் தக்காளிக் கூடையைத் தாண்டும்போது முகத்தைத் திருப்பிக்கொள்வாள், பழைய காதலனைத் தெருவில் பார்த்தவள்போல. [இந்த உவமை என்னுடையது. அவர் ஆட்சேபிக்கவில்லை. கணவர்தான் லேசாக முகம் சுளித்தார்.]

3

கணவர் லிப்ட் மெக்கானிக். நாளெல்லாம் ஏறி இறங்குகிற வேலை. தன் சிறுநீரகத்தைக் கொடுக்க அவர்தான் முதலில் முன்வந்தார். பரிசோதனையில் அவருக்கே சர்க்கரை இருப்பது தெரிந்தது. முடியாது என்று டாக்டர் சொன்ன அன்று, ஆஸ்பத்திரியில் லிப்ட் ஓடிக்கொண்டிருந்தும் நாலு மாடியும் படியிலேயே இறங்கினார். அவளுக்கு அம்மா அப்பா இல்லை, கூடப்பிறந்தவர்களும் இல்லை. பதிவு செய்துவிட்டுக் காத்திருப்போர் வரிசை நீண்டு கிடந்தது.

இந்த இடத்தில் கணவரின் அக்கா வருகிறார். அவரைப் பற்றி எழுதத்தான் எனக்குப் பயம்.

ஓட்டுநர் உரிமத்துக்கு வருகிறவர்களைச் சோதிக்கும் அதிகாரி அவர். வண்டியில் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, மடியில் தாளை வைத்துக்கொண்டு, பேசாமல் குறிக்கிறவர். முதல் தடவையில் அவரிடம் தேறியவர்கள் அந்த ஊரில் ஒரு கை விரலுக்குள் அடங்குவார்கள். அலுவலகத்தில் அவருக்குப் பெயர் 'கறார்'. வீட்டிலும் அதுவே நிலைத்துவிட்டது. முகத்துக்கு நேரே யாரும் சொல்வதில்லை. [அவரையும் 'அவள்' என்று எழுதிப் பார்த்தேன். கை வரவில்லை.]

தையல்காரிக்கும் கறாருக்கும் பதினேழு வருடம் பேச்சுவார்த்தை உண்டு, பேச்சு இல்லை. சண்டை ஒன்றும் கிடையாது. கறார் வருவார், உட்காருவார், சன்னலைப் பார்ப்பார். "திரை இடது பக்கம் ஏறியிருக்கு" என்பார். தையல் வேலை செய்கிறவளிடம் அதைச் சொல்வது எவ்வளவு வலிக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அவர் போனபிறகு அளந்து பார்ப்பாள். ஏறித்தான் இருக்கும், அரை விரல்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, டயாலிசிஸ் இல்லாத நாள், கறார் வந்தார். கையில் பிளாஸ்டிக் உறை. அதை மேசைமேல் வைத்தார்.

"என்னக்கா இது?"

"ரிப்போர்ட். என்னோடது பொருந்துதாம். எல்லா டெஸ்டும் முடிஞ்சுது."

"என்ன டெஸ்ட்?"

"என்ன டெஸ்டுன்னா? உனக்குக் குடுக்கத்தான். லீவு எழுதிக் குடுத்துட்டேன். தேதி மட்டும் டாக்டர் சொல்லணும்."

கறார் ஐந்து வாரமாக, யாரிடமும் மூச்சுவிடாமல், வேலை முடிந்ததும் ஆஸ்பத்திரிக்குப் போய் ரத்தம் கொடுத்து, படம் எடுத்து, மனநல ஆலோசகரின் கேள்விகளுக்கெல்லாம் பதில் சொல்லிவிட்டு வந்திருக்கிறார். அவள் தேநீர் போடட்டுமா என்று கேட்டாள். நேரமில்லை என்று கறார் கிளம்பிவிட்டார். பத்து மணிக்கு ஆள் காத்திருக்கிறானாம், மூன்றாவது தடவையாக.

4

இனி என் தொல்லை.

பதினேழு வருடம் திரையைப் பற்றி மட்டுமே பேசியவர் ஏன் தன் உடம்பிலிருந்து ஓர் உறுப்பை எடுத்துக் கொடுக்கிறார்? வாசகர் கேட்பார். பதிப்பாசிரியர் கட்டாயம் கேட்பார். கெட்டவன் கெட்டது செய்ய ஒரு காரணம் போதும், அதுகூட இல்லாமல் விட்டால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை. நல்லதுக்குத்தான் சாட்சி கேட்கிறார்கள்.

மூன்று காரணம் எழுதிப் பார்த்தேன். ஒன்றில் கறார் எப்போதோ அவளுக்குச் செய்த துரோகத்துக்குப் பரிகாரம் தேடினார். இன்னொன்றில் தனியாக வாழ்ந்து தனியாகச் சாகப் பயந்தார். மூன்றாவதில் தம்பி என்றால் உயிர் என்று வைத்தேன்.

மூன்றையும் தையல்காரரிடம் கொண்டுபோனேன். ஒரு காற்சட்டையின் தையலைப் பிரித்தபடியே கேட்டார்.

"துரோகமெல்லாம் ஒண்ணும் இல்ல. தனியாத்தான் இருக்காங்க, ஆனா அவங்க வீட்டுக்குப் போனா எப்பக் கிளம்புவேன்னு மணி பாப்பாங்க. தம்பி மேல பாசம் இருக்கலாம். ஆனா இவருக்கு ஒரு தடவை லைசென்ஸ் டெஸ்ட்ல ஃபெயில் போட்டவங்க அவங்க."

"நீங்க கேட்டதே இல்லையா, ஏன்னு?"

"ஒரே ஒரு தடவை. ஆபரேஷனுக்கு முந்தின நாள். 'ஏன்க்கா?'ன்னேன்."

"என்ன சொன்னாங்க?"

"'ரெண்டு இருந்துச்சு'ன்னாங்க."

நான் காத்திருந்தேன். அவர் அடுத்த தையலுக்குப் போய்விட்டார்.

அவ்வளவுதான். இதை வைத்துக்கொண்டு எந்த எழுத்தாளன் என்ன செய்வான்? என் மூன்று காரணங்களையும் கிழித்துப் போட்டேன். இல்லாததை எழுதக் கூடாது என்று கேட்டுக்கொண்டவர் அவர். அதை இந்த இடத்தில்தான் நான் முதல் தடவையாக மதித்தேன்.

5

அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. [இந்த ஒரு வரிக்குப் பின்னால் ஏழு மணி நேரம் இருக்கிறது. கணவர் அந்த ஏழு மணி நேரத்தில் ஆஸ்பத்திரி லிப்டின் கதவு இரண்டு நொடி தாமதமாக மூடுவதைக் கண்டுபிடித்து எழுதிக் கொடுத்தார்.]

அவள் கண் விழித்தபோது நர்ஸ் ஒரு பையைத் தூக்கிக் காட்டினார். கட்டிலோரம் தொங்கிய சிறுநீர்ப் பை. பாதி நிரம்பியிருந்தது. புதுச் சிறுநீரகம் ஆபரேஷன் மேசையிலேயே வேலையைத் தொடங்கிவிட்டதாம். மூன்று வருடம் ஒரு நாளைக்கு ஒரு குவளைத் தண்ணீருக்குமேல் குடிக்காதவள் அந்தப் பையைப் பார்த்து அழுதாள். இதை எழுதுவதா வேண்டாமா என்று தயங்கினேன். எழுதலாம் என்றார் தையல்காரர். "அதை விட அழகா நான் எதையும் பார்த்ததில்ல" என்றார்.

அடுத்த அறையில் கறார் இருந்தார். மூன்றாம் நாள் இவளைச் சக்கர நாற்காலியில் அழைத்துப் போனார்கள். கறாரின் கையைப் பிடித்து, "ரொம்ப நன்றிக்கா" என்றாள்.

"கூட்டம் முடிஞ்சாச்சா? நன்றியுரையெல்லாம் சொல்றே" என்றார் கறார். கையை உருவிக்கொண்டு போர்வையைச் சரிசெய்தார்.

அவரைக் குறை சொல்ல முடியாது. நம் மொழியில் நன்றி என்பது மேடைக்கு ஏறிய சொல். கடிதத்தின் அடியில் எழுதுவோம், ஒலிபெருக்கியில் சொல்வோம். கடைக்காரரிடம் தேங்க்ஸ் சொல்வோம். வீட்டு மனிதர்களிடம் மட்டும் அந்தச் சொல் நாக்கில் ஒட்டாது. "இருங்க, சாப்ட்டுப் போலாம்" என்போம். "பாத்துப் போங்க" என்போம். அதற்குள் வைத்து அனுப்புவோம். ஆனால் ஒரு சிறுநீரகத்தை எந்தச் சாப்பாட்டுக்குள் வைத்து அனுப்புவது?

அவள் முதலில் ஒரு சட்டை தைத்தாள். வேலைக்குப் போட்டுக்கொண்டு போக. கறார் போட்டுப் பார்த்து, "கை கொஞ்சம் நீளம்" என்றார். நீளம்தான்.

ஏழாவது மாதம் டாக்டர் ரத்த அறிக்கையைப் பார்த்துவிட்டு, "இனி தக்காளி சாப்பிடலாம்" என்றார். வீட்டுக்கு வரும் வழியில் கடைக்கூடை முன்னால் நின்றாள். வாங்கவில்லை. நாமே வளர்க்கலாம், முதல் பழத்தை அக்காவுக்குக் கொடுக்கலாம் என்று தோன்றியது. மூன்று வருடம் தனக்கு மறுக்கப்பட்டது எதுவோ அதையே கொடுப்பது. அதுதான் சரியான அளவு என்று பட்டது.

6

டாக்டரிடம் அனுமதி கேட்டாள். உடம்பு புதுச் சிறுநீரகத்தை ஏற்றுக்கொள்வதற்காக நோய் எதிர்ப்பைக் குறைக்கும் மாத்திரைகள் சாப்பிடுகிறவள். மண்ணில் இருக்கும் கிருமி மற்றவர்களுக்கு ஒன்றும் செய்யாது, இவளைப் படுக்கையில் போட்டுவிடும். கையுறை, முகமூடி கட்டாயம். எருவைத் தொடக் கூடாது. அதனால் எருவைக் கணவர் கலந்தார், அவள் சமையலறை சன்னலிலிருந்து அதிகாரம் செய்தாள்.

தையல் சாக்கட்டியால் சுவரில் மணிக்கொரு கோடு போட்டு, எந்த இடத்தில் ஆறு மணி நேரமாவது வெயில் விழுகிறது என்று கண்டுபிடித்தாள். நாற்றுப் பண்ணையிலிருந்து ஆறு நாற்று. தண்டின் பாதி மண்ணுக்குள் போகும்படி ஆழமாக நட்டாள். புதைந்த தண்டிலிருந்தும் வேர்விடும் செடி அது. வெட்டி மிஞ்சிய துணிக்கரைகளால் குச்சியோடு தளர்வாகக் கட்டினாள். இலைக்கும் தண்டுக்கும் நடுவே முளைக்கும் பக்கக் கொழுந்துகளைக் கிள்ளினாள். பூத்தது. காய்த்தது.

பிறகு காய்களின் அடிப்பாகம் கறுத்தது. மேலே பார்த்தால் பளபளவென்று இருக்கும். திருப்பினால் அடியில் செருப்புத் தோல்போலக் கறுப்பாக ஒரு வட்டம். ஒன்று, நாலு, பதினொன்று. தொற்றுநோய் என்று நினைத்தாள். மருந்தடிக்கப் பயம். காய்களைப் பறித்துக் குப்பையில் போட்டுவிட்டு, அன்று தைக்க உட்காரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கறார் வந்தார். நேராகப் பின்பக்கம் போய் ஒரு காயைத் திருப்பிப் பார்த்தார்.

"இது ஃபெயில்" என்றார்.

"தெரியுதுக்கா."

"தண்ணி எப்ப ஊத்தறே?"

"ஞாபகம் வர்றப்ப. தையல்ல உக்காந்துட்டா ரெண்டு நாள் மறந்துபோகும். அப்புறம் சேத்து நிறைய ஊத்திடுவேன்."

"மாத்திரை எப்பப் போடறே?"

"காலையில எட்டு, சாயங்காலம் எட்டு. நிமிஷம் தவறக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்களே."

"சேத்து நிறையப் போட்டா?"

அவள் காலி வாளியைப் பார்த்தாள்.

"சத்து மண்ணுலயே இருக்கு. தண்ணி ஒழுங்கா போனாத்தான் அது காய்க்குப் போய்ச் சேருமாம். நாத்துப் பண்ணையில விசாரிச்சேன்" என்றார் கறார். "நோயெல்லாம் இல்ல. காலையில மாத்திரையைப் போட்டுட்டு அப்படியே இதுக்கும் ஊத்து. வேர்ல. இலையில படக் கூடாது. மண்ணு மேல காஞ்ச வைக்கோலைப் பரப்பச் சொல்லு அவனை. ஈரம் நிக்கும்."

[இந்த மாத்திரைப் பேச்சை நான் கற்பனை செய்திருந்தால் ஒரு மாதம் தலைகால் புரியாமல் திரிந்திருப்பேன். ஒரு வார்த்தைகூட என்னுடையதில்லை.]

அன்றிலிருந்து காலை எட்டு மணிக்கு அவளுக்கு ஒரு வாய்த் தண்ணீர், செடிக்கு அரை வாளி. அடுத்த அடுக்கில் வந்த காய்கள் அடிவரை சுத்தமாக இருந்தன. தினமும் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்ப்பாள், குழந்தையின் காதுக்குப் பின்னால் அழுக்கு பார்ப்பதுபோல.

7

காய்கள் நிறம் மாறத் தொடங்கிய வாரம் அவளுக்குக் காய்ச்சல் வந்தது.

ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள். சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் எண் ஒன்று உண்டு, கிரியேட்டினின். அது ஏறியிருந்தது. உடம்பு அந்தச் சிறுநீரகத்தை நிராகரிக்கிறதா, வெறும் தொற்றா என்று இரண்டு நாளில்தான் தெரியும் என்றார் டாக்டர்.

அந்த இரண்டு நாளும் அவள் சாவைப் பற்றி நினைக்கவில்லை. என்னிடம் இரண்டு தடவை சொன்னார் இதை. மறுபடி டயாலிசிஸ் இயந்திரத்துக்குப் போவதைப் பற்றிக்கூட அதிகம் நினைக்கவில்லை. அடுத்தவர் உடம்பிலிருந்து எடுத்துக் கொடுத்ததைக் கெடுத்துவிட்டேனே என்றுதான் குமைந்தாள். கையுறையில் எங்காவது ஓட்டை இருந்ததா? முகமூடி நழுவியதா? நன்றிக்கடன் தீர்க்கப் போய் நன்றிக்குரியதையே தொலைத்தேனா?

இரண்டாம் நாள் காலை கறார் வந்து கட்டிலோரம் உட்கார்ந்தார்.

"அக்கா, நீங்க குடுத்ததை நான் கெடுத்துட்டேன்."

கறார் கைப்பையைக் கீழே வைத்தார்.

"நான் குடுத்தது எது?"

"என்னக்கா கேக்கறீங்க? கிட்னி."

"குடுத்துட்டேன்ல? அப்புறம் என்ன? அது உன்னோடது. உன் கை, உன் காலு மாதிரி. உனக்குக் கால் வலிச்சா எங்கிட்ட மன்னிப்பு கேப்பியா?"

"அதில்லக்கா —"

"கேப்பியா?"

"இல்ல."

"அப்ப படுத்துத் தூங்கு. நான் உன் வீட்டுலதான் இருக்கேன். எட்டு மணிக்கு ஊத்திட்டுத்தான் வந்தேன்."

அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள். பதினொரு மாதமாகத் தன் வயிற்றுக்குள் யாரோ ஒருவரின் பொருளைப் பத்திரமாக வைத்திருக்கிறோம் என்ற பதற்றத்திலேயே நடந்திருக்கிறாள், குனிந்திருக்கிறாள், தும்மியிருக்கிறாள். முதல் தடவையாக வலது அடிவயிற்றில் கையை வைத்து, இது என்னுடையது என்று சொல்லிப் பார்த்தாள். தூங்கிப்போனாள்.

தொற்றுதான். மருந்துக்குக் கட்டுப்பட்டது. எண் மெல்ல இறங்கியது. ஐந்தாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். மண்ணிலிருந்து வந்தது இல்லை என்றும் டாக்டர் சொன்னார்.

8

இப்போது முடிவு.

வீட்டுக்கு வந்த மறுநாள் காலை முதல் பழத்தைப் பறித்தாள். நன்றாகக் கழுவினாள். துண்டு துண்டாக நறுக்கித் தட்டில் வைத்துக் கறாரிடம் நீட்டினாள். "முதல் பழம் உங்களுக்குன்னு நேர்ந்துக்கிட்டு வளத்தேன்க்கா."

கணவர் சமையலறை வாசலில் நின்றிருந்தார். "அக்காவுக்குத் தக்காளி ஆகாதே" என்றார். "சின்னதுலேர்ந்தே தொடமாட்டா. எதுல போட்டிருந்தாலும் ஓரமா ஒதுக்கிடுவா."

தட்டு அந்தரத்தில் நின்றது.

"நாலு மாசமா எரு கலந்தீங்களே. ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"நீ எங்க கேட்டே?"

"அவன் எதை நேரத்துக்குச் சொல்லியிருக்கான்" என்றார் கறார்.

இதற்குமேல் நான் இரண்டு விதமாக எழுதினேன். ஒன்றில் கறார் மறுத்துவிடுகிறார், மூவரும் சிரிக்கிறார்கள். மற்றதில் ஒரு துண்டை வாயில் போடுகிறார், ஆகா, இவ்வளவு ருசியா என்று வியக்கிறார். இரண்டாவதை எழுதும்போது எனக்கே வெட்கமாக இருந்தது. ஐம்பது வருட வெறுப்பு ஒரு துண்டில் போகுமா?

நடந்தது இது. கறார் ஒரு துண்டை எடுத்தார். மென்றார். பிடிக்கவில்லை என்பது முகத்தில் அப்பட்டமாகத் தெரிந்தது. விழுங்கினார். இன்னொரு துண்டை எடுத்தார். அதையும் விழுங்கினார். பிறகு தட்டை அவள் பக்கம் நகர்த்தி, ஏதோ சொன்னார்.

என்ன சொன்னார் என்று தையல்காரர் எனக்குச் சொன்னார். சொல்லிவிட்டு, "இதை மட்டும் எழுதாதீங்க, அது எனக்குச் சொன்னது" என்றார். ஆகவே இடம் விடுகிறேன்:

[                                        ]

திருப்பிக் கொடுக்க முடியாத ஒன்றை உங்களுக்குக் கொடுத்தவர் யாராவது இருப்பார். அவர் என்ன சொல்லியிருப்பார் என்று அங்கே எழுதிக்கொள்ளுங்கள். ஒன்றும் தோன்றாவிட்டால் அப்படியே விட்டுவிடுங்கள், பரவாயில்லை.

எனக்குத் தெரிந்த மிச்சத்தைச் சொல்லிவிடுகிறேன். மூன்றாவது துண்டை அவள் சாப்பிட்டாள். நான்கு வருடத்துக்குப் பிறகு. புளிப்பும் இனிப்புமாக, வெயில் சூடு இன்னும் உள்ளே இருந்ததாம். மீதியை நின்றபடியே முடித்தாள். அப்புறம் இரண்டு பேருமாகப் பழுத்ததையெல்லாம் பறித்தார்கள். இருபத்து மூன்று இருந்தன. கிளம்பும்போது கறார் அவற்றில் நல்லதாக நான்கைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றையும் திருப்பிப் பார்த்து, தன் கைப்பையில் வைத்துக்கொண்டார்.

யாருக்கு என்று அவள் கேட்கவில்லை.